ஆடாமல் வென்ற அணி

கேள்வி: நிறபேதச் சட்டம் ஒரு தேசத்தின் உள்விவகாரம், அதில் விளையாட்டுச் சங்கங்கள் தலையிடலாமா?
– வாசகர், ஏலாக்குறிச்சி

பதில்: ஆடுகளத்துக்குள் யார் வரலாம் என்பதையே நிறம் பார்த்துச் சட்டம் தீர்மானிக்கும்போது, முதலில் தலையிட்டது சட்டமே அன்றிச் சங்கமன்று. 1974-இல், சென்னைச் சகோதரர்களான விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ் ஆகியோரின் திறத்தால் ஆஸ்திரேலியாவையும் சோவியத் யூனியனையும் வென்று டேவிஸ் கோப்பை டென்னிஸின் இறுதிப் போட்டியை எட்டிய பாரதம், எதிரே நின்றது நிறபேதச் சட்டங்கள் கொண்ட தென்னாப்பிரிக்கா என்பதனால், ஒரு பந்தும் அடிக்காமல் கோப்பையைத் துறந்தது. இன்றுவரை அக்கோப்பை நம் கைக்கு வரவில்லை. ஆயினும் 1991-இல் அச்சட்டங்கள் நீக்கப்பட்டபின், தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் அணியை முதலில் வரவேற்றதும் நம் கல்கத்தா மைதானமே. அடைக்கல மாதா கோயில் கொண்ட ஊர்க்காரர் தாங்கள் அறியாததன்று: மனிதனைப் புறந்தள்ளும் வாயிலில் நுழைந்து பெறும் வெற்றியைவிட, அவனோடு வெளியே நிற்பதே மேன்மை.