தரங்கம்பாடியில் சரித்திரம் சௌக்கியம்

கடலோர ஊர்களில் பழம்பெருமைக்குப் பஞ்சமில்லை; தரங்கம்பாடியில் கொஞ்சம் கூடுதல். இங்கே பழைய சுவர் எங்கே கண்ணில் பட்டாலும் நம் இளைஞர்கள் தம் பெயரையும் காதலி பெயரையும் தேதியோடு ஆணியால் கீறிவிடுகிறார்கள். கல்வெட்டு மரபு அறுந்துவிட்டதாக இனி எந்த ஆய்வாளரும் வருந்த வேண்டாம்.

1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டேனிஷ்காரர்களுக்கு இந்த இடத்தைக் கொடுத்தார். கோட்டை எழுந்தது. 1845இல் அவர்கள் ஊரை, வங்காளத்து செராம்பூரையும் சேர்த்து, 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள். இன்றைக்குக் கடற்கரைச் சாலையில் மனை விலை விசாரிப்பவர்களுக்குத் தெரியும், பாவம், எவ்வளவு அவசரப்பட்டிருக்கிறார்கள் என்று!

1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு இங்கே அச்சுக்கூடம் வைத்து, தமிழில் புதிய ஏற்பாட்டை 1715க்குள் அச்சிட்டு முடித்தார். நாமும் சளைத்தவர்கள் அல்ல. காதுகுத்து முதல் கட்சி மாநாடு வரை ஃப்ளெக்ஸில் ஒரே இரவில் அச்சிட்டு, சரித்திரச் சின்னம் எதுவும் கண்ணில் படாதபடி கட்டிவிடுகிறோம். அதுவும் ஒருவகைப் பாதுகாப்புதான்.

பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயில் கதை வேறு. கோட்டைக்குள் நுழைய நம்மிடம் சீட்டுக் கேட்கிறார்கள். அந்தக் கோயிலின் முன்பகுதியைத் தவணை முறையில் எடுத்துச் சென்ற கடலிடம் யாரும் ரசீதுகூடக் கேட்கவில்லை.