அந்தப் பென்னை ஒருக்காத் தாங்களன்

வலீமா வீடியோ ஏற்ற ஒரு பென் ட்ரைவ் வேணும் என்றுதான் ஒருவர் கேட்டார். ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்புத் தேடிக்கொண்டிருக்கிற மனிதனிடம் எதைக் கேட்டாலும் தந்துவிடுவான் என்பது சாய்ந்தமருதில் எல்லாருக்கும் தெரியும். "ஒரு ராவைக்குத்தான் தம்பி." பென் திரும்பி வந்தது, 64 ஜிபியும் நிறைய மாப்பிள்ளையும் பொண்ணுமாக. "உள்ளுக்குப் பெரிசா ஒண்டும் இல்லியே. ஐஎஸ்ஓ ஐஎஸ்ஓ எண்டு என்னவோ கொஞ்சம் கிடந்திச்சி. இடம் காணல்ல, அழிச்சிட்டன்" என்றார். போகிற போக்கில் திரும்பி, "வீடியோவ மட்டும் அழிச்சிராதீங்க, வேற கொப்பி இல்ல" என்றும் சொன்னார். ஆக, என் பென் இப்போது என்னிடமே இரவலாக இருக்கிறது.

பென் இரவல் கேட்பவர்களைச் சமாளிக்க நல்ல வழி ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முதல் அந்த 'என்னவோ கொஞ்சம்' என்னவென்று சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது.

விண்டோஸ் 7, 10, 11. உபுண்டு, மின்ட், ஃபெடோரா. கிழடு தட்டிய இயந்திரங்களுக்கு பப்பி லினக்ஸ். மெமரி சோதிக்க மெம்டெஸ்ட். ஒரு காலத்தில் இதற்கெல்லாம் கறுப்புப் பை நிறைய சீடி தூக்கிக்கொண்டு திரிந்தோம். எக்ஸ்பி சீடியின் முதுகில் மார்க்கரால் சீரியல் நம்பர் எழுதியிருக்கும். உபுண்டுக்காரர்கள் 2011 வரைக்கும் கேட்டவர்களுக்கெல்லாம் சீடியைத் தபாலில் சும்மா அனுப்பினார்கள். பிறகு பென் வந்தது, ரூஃபஸ் வந்தது. ஆனால் ஒரு பென்னுக்கு ஒரு ஓஎஸ்தான். வேறொன்று வேண்டுமென்றால் அழித்துவிட்டு மறுபடி எழுத வேண்டும். 2020இல் சீனாக்காரர் ஒருவர் வென்டோயை வெளியிட்டார். பென்னில் அதை ஒருமுறை ஏற்றிவிட்டால் போதும். பாட்டுப் போடுவதுபோல ஐஎஸ்ஓ ஃபைல்களை அப்படியே போட்டுக்கொண்டு போகலாம். பூட் ஆகும்போது எது வேணும் என்று அதுவே பட்டியல் காட்டும். தொல்லையும் அதில்தான். பாட்டுப் போலக் கிடப்பதைப் பாட்டுப் போலவே அழித்தும் விடுகிறார்கள்.

பட்டியல் காட்டும் என்றேன். அந்தப் பட்டியல் வரைக்கும் போய்ச் சேர்கிற பாட்டை யாரும் எழுதி வைக்கவில்லை.

பென்னைக் குத்தியாயிற்று. எந்தக் கீயை அமத்துவது? டெல் என்றால் எஃப்12. எச்பி என்றால் எஃப்9, சிலதுக்கு முதலில் எஸ்கேப். ஏசுஸ் லெப்டொப்புக்கு எஸ்கேப், அதே ஏசுஸின் மதர்போர்டுக்கு எஃப்8. எம்எஸ்ஐக்கு எஃப்11. ஏசருக்கும் எஃப்12தான், ஆனால் எஃப்2இல் உள்ளே போய் முதலில் அதற்கு அனுமதி கொடுத்துவிட்டு வரவேண்டும். இத்தனை கம்பனிக்காரர்களும் ஒருநாள் ஒரு மேசையில் இருந்து பிளேன்டீ குடித்திருந்தால் முடிந்திருக்கும்.

கம்பனி லோகோ வருவது ஒரு செக்கன். அதற்குள் அமத்த வேண்டும். வீட்டில் எல்லாரும் பிளாஸ்டிக் கதிரை போட்டுச் சுற்றி இருக்கிறார்கள். "இப்ப! இப்ப அமத்துங்க மனே!" என்று மாமி சொல்லும்போது லோகோ போய்விட்டிருக்கும். பழைய விண்டோஸ் திறக்கத் தொடங்கும். மெதுவாகத் திறக்கிறது என்பதற்காகத்தானே என்னைக் கூப்பிட்டார்கள்? அது திறந்து முடியும் வரை எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்போம். ஷட்டவுன் பண்ணினால் போதாது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று அதை முழுதாகத் தூங்கவே விடாது; ரீஸ்டார்ட்தான் பண்ண வேண்டும். இரண்டாம் முறை சரியான நேரத்தில் அமத்துவேன். ஆனால் அந்த லெப்டொப்பில் எஃப்என் கீயைச் சேர்த்து அமத்தாவிட்டால் அந்தக் கீ வெளிச்சம் குறைக்கிற கீ. திரை இருண்டு போகும். "போச்சி" என்பார் ராத்தா, கையிலிருக்கிற பிள்ளை அழத் தொடங்கும்.

இதற்கு மேல் எங்கள் உப்புக் காற்று. கடற்கரை வீதி வீடுகளில் எந்தக் கீபோர்டும் முழுசாக இருந்ததில்லை. செத்துப்போவது இஸட்டோ எக்ஸோ இல்லை, எஃப்12தான். வெளிக் கீபோர்ட் கொண்டுபோவேன். லெப்டொப்பில் இரண்டு யூஎஸ்பி, ஒன்று துருப்பிடித்துச் செத்தது. மிச்சமிருக்கிற ஒன்றில் பென்னைக் குத்துவதா, கீபோர்டைக் குத்துவதா? லெனோவோக்காரர் சிலதில் கீயே வேண்டாமென்று ஓரத்தில் ஒரு சின்ன ஓட்டை வைத்திருக்கிறார். ஊசி முனையால் குத்தினால் பூட் மெனு வரும். அதில் மட்டும் எங்களூர் உலகத்துக்கு முன்னால் நிற்கிறது: எந்த வீட்டிலும் எந்த நேரத்திலும் ஸ்கார்ஃப் ஊசி கேட்டால் நாலு பக்கமிருந்தும் நீளும்.

முடிந்தது என்று நினைக்காதீர்கள். செக்கியுர் பூட் போட்டிருந்தால் வென்டோய் முதல்தடவை ஒரு நீலத்திரையைக் காட்டி, தன் சாவியைப் பதியச் சொல்லும். அது ஒழுங்கான நீலத்திரைதான். ஆனால் நீலத்தைக் கண்டதும் வீட்டுக்காரர் எழுந்து நின்றுவிடுவார். "தம்பி, முதல் இருந்த மாதிரியாவது ஆக்கித் தாங்களன்."

ஒருவழியாகப் பட்டியல் வரும். நிந்தவூரில் ஒரு வீட்டில் போன மாதம் வந்தது. வீட்டுக்காரர் கண்ணாடியைப் போட்டு ஒவ்வொன்றாக வாசித்து, "இதுல எது நல்லம்?" என்றார். எத்தனையோ காலமாக இந்தக் கேள்விக்காகவே அந்தப் பென்னைச் சுமந்து திரிகிறேன். மின்டின் பெருமையைத் தொடங்கினேன். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14உடன் வழமையான காவல் முடிந்துவிட்டது என்றேன், 11க்கு டீபீஎம் 2.0 என்ற ஒன்று தேவை, உங்கள் லெப்டொப்பில் அது கிடையாது என்றேன். பொறுமையாகக் கேட்டார். "எங்கட பழசயே போடுங்களன்" என்றார்.

"காசு குடுத்து வாங்கினதா?"

"அதுக்குமா காசு?"

கோழிப் பெக்கட்டைத் திருப்பித் திருப்பி ஹலால் முத்திரை தேடுகிற மனிதர். வலது பக்கக் கீழ்மூலையில் விண்டோஸ் 'என்னை முறைப்படி வாங்கு' என்று வருடக்கணக்காகக் கெஞ்சிக்கொண்டிருக்கிறது, அதைப் பார்க்கவே மாட்டார். லினக்ஸ் முழுக்க ஹலால், ஒரு சதமும் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். "வேர்ட் வருமா?" என்றார். அதோடு மார்க்கப் பேச்சு முடிந்தது.

10ஐயே போட்டேன். சங்கத்துக் கணக்கறிக்கையைத் திறந்தார். திரை முழுக்க ஆங்கில எழுத்து, மெய்யெழுத்துப் புள்ளி நிற்க வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி. யூனிகோட் வந்து ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது; இங்கே நோட்டீஸ் முதல் மரண அறிவித்தல் வரை இன்னும் பாமினியில்தான் அடிக்கிறார்கள். பென்னின் மூலையில் ஐஎஸ்ஓக்களோடு கிடந்த, ஒரு போட்டோ அளவுகூட இல்லாத அந்த எழுத்துருவை எடுத்துப் போட்டேன். அறிக்கை தமிழுக்குத் திரும்பியது. மாமி உள்ளேயிருந்து வந்து பார்த்தார், பிள்ளைகள் கைதட்டின.

வீட்டுக்காரர் ஆறிப்போன பிளேன்டீயை என் பக்கம் நகர்த்தினார்.

"இத முதல்லயே போட்டிருந்தா இவ்வளவு நேரம் மினக்கெடத் தேவல்லியே தம்பி."