மோடம் பேசிய காலம்

எங்கள் வீட்டுக்கு இன்டர்நெட் வந்தது 2000ஆம் ஆண்டில். இந்தியாவில் பொதுமக்களுக்கு அது திறந்துவிடப்பட்டது 1995 ஆகஸ்ட் 15 அன்று. உறையூரில் எங்கள் கூடத்து மேசைக்கு வந்துசேர இன்னும் ஐந்து வருடம் பிடித்தது. டெலிபோன் ஒயரைக் கழற்றி மோடத்தில் செருகி டயல் செய்தால், முதலில் டயல் டோன் கேட்கும். பிறகு எண்கள் ஒவ்வொன்றாக விழும். அப்புறம் தகரத்தை ஆணியால் கீறுவதுபோல் ஒரு கிறீச்சல், அதன்மேல் ஓட்டுக்கூரையில் மழை விழுவதுபோல் ஓர் இரைச்சல். சட்டென்று எல்லாம் அடங்கும். அடங்கினால் இணைப்பு கிடைத்துவிட்டது என்று பொருள்.

அது வீண் சத்தம் இல்லை. நம் மோடமும் மறுமுனை மோடமும் இந்த லைன் எவ்வளவு வேகம் தாங்கும் என்று பேசி முடிவுசெய்கிற சத்தம். பெட்டிமேல் 56 கே என்று போட்டிருக்கும். லைன் கரகரத்தால் பாதிக்கு இறங்கிவரும். எதிர்முனை எங்கேஜ்டா, தப்பான நம்பரா என்று ஆளுக்குத் தெரியட்டும் என்றுதான் மோடத்துக்குள் ஒரு சின்ன ஸ்பீக்கரையே வைத்திருந்தார்கள்.

இரண்டே மாதத்தில் காது பழகிவிட்டது. டோனே இல்லையா, ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது. டோன் இருந்து இரைகிறதா, தெருமுனைப் பெட்டியில் மழைத்தண்ணீர் இறங்கியிருக்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருந்தது பட்டென்று நின்றதா, அம்மா உள்ளறையில் ரிசீவரை எடுத்திருக்கிறார். லைன்மேன் அண்ணன் சைக்கிளை நிறுத்துவதற்குள்ளேயே, “தம்பி, டோன் செத்துப்போச்சா, இல்ல கரகரன்னு வருதா?” என்றுதான் கேட்பார். நான் சொல்லும் பதிலை வைத்து, வீட்டுக்குள் வருவதா கம்பத்துக்குப் போவதா என்று அங்கேயே முடிவுசெய்துவிடுவார். பிழையைத் தேடும் வித்தையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். இன்றைக்கும் அவரை நன்றியோடு நினைக்கிறேன்.

போன மாதம் ஒரு சாயங்காலம் என் மகள் அழாத குறையாக வந்து நின்றாள். அவளுடைய லேப்டாப்பில் வைஃபை திடீரென்று நின்றுவிட்டது. மறுநாள் காலை பத்து மணிக்குள் காலேஜ் ப்ராஜெக்ட்டை ஏற்றியாக வேண்டும். கடையில் காட்டியிருக்கிறாள். “விண்டோஸ் போயிடுச்சும்மா, ஃபார்மட் அடிக்கணும், ரெண்டு நாள் ஆகும்” என்று சொல்லியிருக்கிறார்கள். மூன்று வருடப் படிப்பு முழுக்க அதற்குள்தான் இருக்கிறது. எனக்குக் கோபம் வந்தது. ஒரு சோதனைகூடச் செய்து பார்க்காமல் எப்படிச் சொல்ல முடியும்?

இந்தக் காலத்துப் பிழைக்குக் குரல் இல்லை. விசிறிபோன்ற அந்தச் சின்னக் குறியில் கோடு குறைந்து உலக உருண்டையாக மாறிவிடும், அவ்வளவுதான். ஆனாலும் லைன்மேன் அண்ணனின் கேள்வி இதற்கும் பொருந்தும்: எது வரைக்கும் உயிர் இருக்கிறது?

“கண்ணு, உன் போனை லேப்டாப் பக்கத்துல வை” என்றேன். போனில் வைஃபை முழுதாக ஓடியது. அப்படியென்றால் ரூட்டரும் வெளி லைனும் சரி. ஏரோப்ளேன் மோடு அணைந்தே இருந்தது. டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டின் பெயர் மஞ்சள் குறி இல்லாமல் நின்றது. கார்டு விண்டோஸின் கண்ணுக்குத் தெரிகிறது. பிறகு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ரூட்டருக்கு அருகே போனேன். இணைப்பு வந்தது! நாலு எட்டு பின்னால் வைத்ததும் போய்விட்டது. திரையை முன்னும் பின்னும் சாய்த்தால் கோடு ஏறி இறங்கியது. மென்பொருள் கெட்டிருந்தால் தூரத்தையும் திரையின் சாய்வையும் பார்த்தா நிற்கும்?

பெரும்பாலான லேப்டாப்களில் ஆன்டெனா திரையின் சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது. அங்கிருந்து நூல்போல் இரண்டு ஒயர்கள், பெரும்பாலும் கறுப்பு ஒன்று, வெள்ளை அல்லது சாம்பல் ஒன்று, கீல் வழியாக இறங்கி வைஃபை கார்டில் மாட்டிக்கொள்கின்றன. தினமும் மூடித் திறக்க, கீல் ஆட ஆட, அவை இழுபடும்.

வாரன்டி முடிந்திருந்ததால் துணிந்து அடிமூடியைக் கழற்றினேன். முதலில் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டேன். அதைச் செய்யாமல் உள்ளே கை வைக்கக் கூடாது. கட்டைவிரல் அகலத்தில் கார்டு. கறுப்பு ஒயர் கழன்று ஓரத்தில் கிடந்தது; மற்றொன்று பாதி தொற்றிக்கொண்டு நின்றது. நுனியில் கடுகளவு பித்தளை வளையம். மகள் டார்ச் அடிக்க, அதைக் கார்டில் இருக்கும் சின்னக் குமிழுக்கு நேராக வைத்து நகத்தால் செங்குத்தாக அழுத்தினேன். ‘டிக்’ என்றது. மோடத்தின் கிறீச்சல் அடங்கிய பழைய நாட்களின் நிம்மதி அந்த ஒரு ‘டிக்’கில் எனக்குக் கிடைத்தது. இரண்டாவதையும் அழுத்தி, ஒயர்களை இழுபடாதபடி ஒதுக்கி மூடினோம். இரவு ஒன்பதரைக்கு ப்ராஜெக்ட் ஏறிவிட்டது.

உங்கள் வீட்டு லேப்டாப்பிலும் ஒருநாள் வைஃபை இப்படி நிற்கலாம். ஃபார்மட்டுக்குச் சம்மதிக்கும் முன் அதே இடத்தில் ஒரு போனை வைத்துப் பாருங்கள். லேப்டாப்பை ரூட்டர் பக்கத்தில் ஒருமுறை கொண்டுபோங்கள். கடைக்காரரிடம் நீங்கள் பார்த்ததைச் சொல்லிவிட்டு, ஆன்டெனா ஒயரைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள்.