மண்ணை நம்பிய மகான்களுக்கு

மும்பை செம்பூர்வாசிகளுக்கு ஒரு பெருமை உண்டு. வீட்டை விட்டு இறங்கினால் சயான்–பன்வேல் நெடுஞ்சாலை. பன்வேலில் தெற்கே திரும்பினால் தேசிய நெடுஞ்சாலை 66. அதை விடாமல் பிடித்துக்கொண்டு சிப்ளூண், கோவா, கார்வார், காசர்கோடு, கொல்லம் என்று போனால் கன்னியாகுமரி. தாராவியிலும் மாட்டுங்காவிலும் இருக்கிற தென்கோடித் தமிழர்களுக்கு இப்படி ஊர் வாசல்வரை ஒரே எண்ணில் சாலை போட்டுக் கொடுத்தவர்களைப் பாராட்டி இங்கே ஒருவரும் ஒரு வரி எழுதியதாகத் தெரியவில்லை. நன்றி மறந்த சமூகம் என்ற கெட்ட பெயர் நமக்கு வேண்டாம்.

முதலில் அவர்களுடைய பொறுமை. பன்வேலிலிருந்து இந்தாபூர்வரை 84 கிலோமீட்டரை அகலப்படுத்த 2011-ல் இறங்கினார்கள். ஒவ்வோர் ஆண்டும் கணபதி விழாவுக்கு முன் சாலை சரியாகிவிடும் என்று அறிவிப்பு வரும். எந்த ஆண்டுக் கணபதி என்று வாய் தவறியும் சொல்வதில்லை. வாக்கில் அவ்வளவு நிதானம். ஊருக்குப் போகும் கொங்கணத்து மக்கள் குழிகளை எண்ணியபடியே போய்த் திரும்புகிறார்கள். எங்கள் பேட்டைக்கு இது புதிதில்லை. சாந்தாகுரூஸ்–செம்பூர் இணைப்புச் சாலை ஆறரைக் கிலோமீட்டர்கூட இல்லை. 2003-ல் தொடங்கி 2014-ல் திறந்தார்கள். கடன் கொடுக்க வந்த உலக வங்கியே பாதியில் எழுந்து போய்விட்டது. வங்கிக்குப் பொறுமை போதாது, வேறென்ன?

ஆனால் நான் பாராட்ட வந்தது சாலையை அல்ல, அதைத் தாங்கும் சுவரை. மேம்பாலம் ஏறும் இடத்தில் இருபுறமும் பலகை பலகையாக, சில இடங்களில் பூப்போட்டு, ஒரு கான்கிரீட் சுவர் நிற்கிறதே, அதுதான். வலுவூட்டிய மண்சுவர்; சைட்டில் ‘ஆர்.இ. வால்’ என்பார்கள். அந்தப் பலகைதான் மண்ணைத் தாங்குகிறது என்று நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது வெறும் முகம். பலகைக்குப் பின்னால் இரும்புப் பட்டையோ பாலிமர் வலையோ பின்னோக்கி நீள்கிறது. சுவர் எவ்வளவு உயரமோ அதில் பத்தில் ஏழு பங்காவது நீளம் வேண்டும். ஒரு அடுக்கு மண், உருளை ஓட்டி இறுக்கம், மேலே ஒரு வலை, மறுபடி மண். மண்ணும் வலையும் ஒன்றையொன்று கவ்விக்கொள்கிற உராய்வில்தான் மொத்தப் பாரமும் நிற்கிறது. ஹென்றி விடால் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1960-களில் இதற்கு உருக்கொடுத்தார். மணற்குவியலில் பைன் ஊசியிலைகளைச் செருகிப் பார்த்து அவருக்கு யோசனை வந்ததாகச் சொல்வார்கள். தூண் வேண்டாம், நிலம் அதிகம் வேண்டாம், செலவும் குறைவு. செலவு குறைவு என்ற சொல் எந்த அலுவலகத்தில் விழுந்தாலும் பூ மழை பொழியும்.

இந்தச் சுவருக்கு இரண்டே இரண்டு வீம்பு. உள்ளே போடும் மண் சரளையாக, நீர் வடிகிற ஜாதியாக இருக்க வேண்டும். பொடிமண் நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் போகக் கூடாது என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் எழுதியே வைத்திருக்கிறது. இரண்டாவது, காலடி நிலம் பாரம் தாங்க வேண்டும். வலை எவ்வளவு இறுகப் பிடித்தாலும் மொத்தமும் சேறாகிய மெத்தைமேல் உட்கார்ந்தால் மொத்தமும் சேர்ந்தே இறங்கும். இந்த வீம்புகளைக் கேட்டுப் பயந்துபோகிற கோழைகள் இருக்கிறார்கள். நம்மவர்கள் அப்படியில்லை.

அதே 66-ல், கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் கூரியாடு. வயல். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கி நிற்கிற நெல்வயல். இங்கே மண்மேடு வேண்டாம், தூண் வைத்துப் பாலமாகக் கட்டுங்கள் என்று ஊர்க்காரர்கள் முன்பே கேட்டார்கள். தலைமுறை தலைமுறையாக அந்த வயலில் முழங்கால்வரை இறங்கி நடந்தவர்களுக்கு நிலத்தைப் பற்றி என்ன தெரியும்? எழுதப்படிக்கத் தெரிந்தவர்கள் வரைபடத்தைப் பார்த்தார்கள். அதில் வயல் காய்ந்துதான் இருந்தது. உயரமாக மண் கொட்டி, இருபுறமும் சுவர் எழுப்பி, மேலே ஆறுவழிச் சாலையும் போட்டார்கள். 2025 மே 19 அன்று மேடு இறங்கியது. கீழே சர்வீஸ் ரோட்டில் போன கார்கள் சிக்கின. பக்கத்து வயல் பிளந்தது. உயிர்ச்சேதமில்லை, அதற்கு நன்றி சொல்ல வேண்டியது யாருக்கு என்பது அவரவர் நம்பிக்கை.

அதன் பிறகு காட்டிய வேகம்தான் என் கண்ணில் நீர் வரவழைத்தது. மூன்று நாளுக்குள் ஒப்பந்த நிறுவனத்துக்கும் ஆலோசனை நிறுவனத்துக்கும் டெண்டர் தடை. அடுத்துத் திட்ட இயக்குநர் இடைநீக்கம், தளப் பொறியாளர் பணிநீக்கம். நிபுணர் குழு ஓடியது. முதல்கட்ட முடிவாகத் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் சொன்னது என்ன தெரியுமா? மேட்டின் பாரத்தை இயற்கை நிலம் தாங்கவில்லையாம். எவ்வளவு நேர்த்தியான தீர்ப்பு! சுவர் குற்றமற்றது, வடிவமைப்பு குற்றமற்றது. குற்றவாளி அங்கேயே படுத்துக் கிடந்த வயல். விசாரணைக்கு அழைத்தால் ஓடவும் முடியாது. பிறகு அந்த இடத்தில் தூண் வைத்துப் பாலம் கட்டுவது என்று முடிவானது. ஊர்க்காரர்கள் கேட்டதையே கொடுப்பது என்றால் சும்மாவா? முதலில் ஒரு மலையைக் கொட்டி, அதைச் சரியவிட்டு, பிறகல்லவா கொடுக்க வேண்டும்!

நிலத்தின் துரோகம் நெடுகிலும் இருக்கிறது. கொங்கணத்தில் பரசுராம் கணவாயில் சரிவைத் தடுக்க எழுப்பிய சுவரும் மழையில் சரிந்திருக்கிறது. பரசுராமர் கோடரி எறிந்து கடலை விலக்கித்தான் இந்தக் கரையையே எடுத்தார் என்பது கதை. அவரும் மண் பரிசோதனை செய்ததாகப் புராணம் எதுவும் சொல்லவில்லை. ஆக, நம் பொறியாளர்கள் மரபை மீறவில்லை.

இடையில் தாராவியை நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. மாஹிம் சிற்றோடையின் சதுப்பு அது. எங்கள் பெரியவர்கள் குப்பையும் கல்லும் இடிபாடும் கொட்டி, மிதித்து, ஒரு மழைக்காலம் பொறுத்து, இறங்கினால் மறுபடி கொட்டி, அதன்மேல் குடிசை போட்டார்கள். டெண்டரும் கிடையாது, ஆலோசனை நிறுவனமும் கிடையாது. ஒரு மழை முடியும்வரை காத்திருந்து பார்த்தார்கள். அது படிப்பில்லாதவர்களின் குறை. காலம் வீணாகிறது பாருங்கள். அவர்களுக்கு ஆக்கிரமிப்பாளர் என்று பெயர் வைத்ததும் சரிதான்.

2025 டிசம்பர் 5-ல் கொல்லம் பக்கம் கொட்டியத்தில் இன்னொரு சுவர் சரிந்து, சர்வீஸ் ரோடு பிளந்து, பள்ளிப் பேருந்து ஒன்று அங்கே மாட்டிக்கொண்டது. குழந்தைகள் தப்பினார்கள். இந்த முறை ஆணையம் இன்னும் ஒரு படி மேலே போனது. கேரளத்தில் இத்தகைய சுவர்களுக்கான 378 இடங்களிலும் அடியில் உள்ளது என்ன மண் என்று துளையிட்டுப் பார்க்க 18 நிறுவனங்களை அமர்த்துவதாக அறிவித்தது. தாலி கட்டிய கையோடு பெண் பார்க்கப் புறப்படும் இந்த முன்யோசனை வேறு எந்த நாட்டில் கிடைக்கும்?

சோதனையில் தேறாத இடங்களில் சுவரைப் பிரித்துத் திரும்பக் கட்டுவார்களாம். சரி, சுவரைப் பிரித்தால் அடியில் அதே மண்தானே இருக்கும் என்று கேட்கிற அற்பர்கள் இருக்கத்தான் செய்வார்கள். அவர்களுக்கும் ஒரு குழு அமைக்கப்படும்.