பிக்கிள்பால் ரசிகராவது எப்படி?

முதல் விதி: கழுத்தைத் தயார் செய்ய வேண்டாம். டென்னிஸ் பார்ப்பது போலத் தலையை இடமும் வலமும் திருப்ப இங்கே வேலையில்லை. களத்தின் நீளம் 44 அடி, அகலம் 20 அடி. இறகுப்பந்து இரட்டையர் ஆட்டக் களத்தின் அதே அளவு. கண்ணை உருட்டினால் போதும்.

அடுத்தது காது. ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து, கெட்டியான மட்டை, ஓயாத ‘டொக்... டொக்...’ தொலைக்காட்சியில் பார்ப்பவர் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் களங்களுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் அது முடியாமல் நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள்.

வரலாறு கொஞ்சம் தெரிந்திருப்பது மரியாதை. 1965-இல் வாஷிங்டன் மாநிலத்தின் பெயின்பிரிட்ஜ் தீவில், விடுமுறையில் பொழுதுபோகாத பிள்ளைகளுக்காக ஜோயல் பிரிட்சார்டும் நண்பர்களும் கைக்குக் கிடைத்ததை வைத்து உருவாக்கிய ஆட்டம். பிரிட்சார்ட் பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே போனார். இதையும் சேர்த்துச் சொன்னால் பக்கத்து இருக்கைக்காரர் உங்களிடம் வேறு எதுவும் கேட்கமாட்டார்.

இரட்டையர் ஆட்டத்தில் ஸ்கோரை மூன்று எண்களாகச் சொல்வார்கள். ஆரம்பமே ‘0-0-2’. புரிந்ததுபோல் தலையாட்டுங்கள், அரங்கில் பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள்.

இனி முக்கியமான பாடம். வலைக்கு இருபுறமும் ஏழேழு அடிக்குக் ‘கிச்சன்’ என்று பெயர். அதற்குள் நின்றுகொண்டு, தரையில் படாத பந்தை அடிக்கக் கூடாது. அதனால் நான்கு பேரும் அந்தக் கோட்டை ஒட்டி நின்று, பந்தை எதிராளியின் கிச்சனுக்குள் மெல்ல மெல்லத் தட்டிவிடுவார்கள். இதுதான் ‘டிங்க்’. பந்தியில் கடைசி வடையை ‘நீங்க எடுத்துக்குங்க’, ‘அட, நீங்க எடுத்துக்குங்க’ என்று நகர்த்துவது போல இது நீண்டுகொண்டே போகும். புதிய ரசிகர் காபி போட எழுந்திருப்பது இந்த நேரத்தில்தான். எழுந்திருக்காதீர்கள். ஏதோ ஒரு டிங்க் ஒரு சாண் கூடுதலாக எழும்பும். அவ்வளவுதான், பதினாலு அடி இடைவெளியில் நால்வரும் மாறிமாறி விளாசுவார்கள். யார் அடித்தது, யார் தடுத்தது என்று மூளைக்கு எட்டும் முன் புள்ளி முடிந்திருக்கும். இந்த வேகம் கேமராவில் சரியாக விழுவதில்லை என்பதுதான் என் குறை. மேலேயிருந்து காட்டும்போது ஏதோ நாலு பேர் சும்மா நிற்பது போலவே இருக்கிறது.

யாருக்குக் கைதட்டுவது? அன்னா லீ வாட்டர்ஸுக்குத் தட்டினால் பெரும்பாலும் வீண்போகாது. பன்னிரண்டு வயதில் அம்மாவையே ஜோடியாகச் சேர்த்துக்கொண்டு தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தவர். ஆண்களில் பென் ஜான்ஸ். இந்த இரண்டுக்கு மேல் பெயர் வாயில் வரவில்லையென்றால் முதலாளிகளைச் சொல்லிச் சமாளியுங்கள்: மேஜர் லீக் பிக்கிள்பால் அணிகளில் கூடைப்பந்தின் லெப்ரான் ஜேம்ஸ், கெவின் டுராண்ட், அமெரிக்கக் கால்பந்தின் டாம் பிரேடி எல்லாரும் பணம் போட்டிருக்கிறார்கள். 2023-இல் ஃபுளோரிடாவில் பழைய டென்னிஸ் நட்சத்திரங்கள் அகாசி, ராடிக், மெக்கன்ரோ, சாங் நால்வரையும் பத்து லட்சம் டாலர் பரிசுக்கு ஆடவிட்டார்கள். கூட்டம் வந்தது. ஆட்டத்துக்காகவா அகாசிக்காகவா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். 2025-இல் மும்பையில் நடந்த உலக பிக்கிள்பால் லீக்கில் சென்னை அணி சமந்தாவுடையது; கோப்பையை வென்றதோ அட்லீயின் பெங்களூரு அணி. நம்மூர் ரசிகர் யார் பக்கம் என்பதை அவரவர் சினிமா ருசிக்கே விட்டுவிடலாம்.

பார்த்துக்கொண்டிருக்கும்போது ‘இதை நானும் ஆடுவேனே’ என்று தோன்றும். தோன்றட்டும், மொத்த வியாபாரமும் அதன்மேல்தான் நிற்கிறது. அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகள் பலவற்றில் கட்டணம் கட்டிச் சாமானியர்களும் பக்கத்துக் களங்களில் ஆடலாம். காலையில் தோற்றவர் மாலையில் கேலரியில் உட்கார்ந்து வாட்டர்ஸின் டிங்கில் குறை கண்டுபிடிப்பார். டென்னிஸ் பார்ப்பவருக்கு இந்தத் துணிச்சல் வராது.

ஆகவே ஆட்டம் முடிந்ததும் முழங்காலை ஒருமுறை நீட்டி மடக்கிப் பாருங்கள். வலியில்லையென்றால் ஞாயிறு காலைக்குக் களம் பதிவு செய்துவிடுங்கள். அந்த நேரத்தில் இறுதியாட்டம் நேரலையில் ஓடினால், அதைப் பார்க்க ஆள் பிடிப்பது ஒளிபரப்புகிறவர்களின் பாடு.