டெல்லியில் அம்மா, சிதம்பரத்தில் பாப்பா

கே: டெல்லியில் மூன்று நாள் பயிற்சி. ஐந்து மாதக் குழந்தை சிதம்பரத்தில் பாட்டியிடம். டெல்லியில் பம்ப் வைத்து எடுக்கும் தாய்ப்பாலை விமானத்தில் கொண்டுவரலாமா, கொட்டிவிட்டுத்தான் வர வேண்டுமா?
(வாசகி, சிதம்பரம்)

ப: ஒரு சொட்டுகூடக் கொட்ட வேண்டாம். செக்-இன் பெட்டியில் போட்டு அனுப்பத் தடையில்லை. கையோடு கொண்டுவருவதானால் விமான நிறுவனத்திடம் முன்பே ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, பாதுகாப்புச் சோதனையில் பையைத் திறக்கச் சொல்லும் முன்பே, “இது தாய்ப்பால்” என்று தனியே எடுத்துக் காட்டுவது நல்லது.

உண்மையான சோதனை வானத்தில் இல்லை, சாலையில் இருக்கிறது. டெல்லியிலிருந்து சென்னைக்கு மூன்று மணி நேரத்தில் வந்துவிடலாம். மீனம்பாக்கத்திலிருந்து புதுச்சேரி, கடலூர் வழியாகச் சிதம்பரம் வந்து சேர 200 கிலோமீட்டருக்கு மேல். நாலரை, ஐந்து மணி நேரம் போய்விடும். தாய்ப்பால் வெளியே தாங்குவது 25 டிகிரி வரை 4 மணி நேரம்தான். கடலூர் மாவட்டத்து மே மாத வெயிலுக்கு அந்தக் கணக்கே செல்லாது. நன்றாக உறைந்த ஜெல் பேக்குகளோடு, வெப்பம் புகாத மூடிய பெட்டியில் இருந்தால் 24 மணி நேரம் தாங்கும்.

ஆகவே டெல்லி விடுதியில் அறைக்குள் இருக்கும் குட்டி ஃபிரிட்ஜை நம்பாமல், சமையலறை ஃப்ரீசரில் இடம் கேட்க வேண்டும். பால் பையில் தேதி எழுதி, உறையும்போது பால் விரியும் என்பதால் மேலே ஒரு அங்குலம் விட்டு, தட்டையாகப் படுக்கவைத்து உறைய வைக்கலாம். கிளம்பும்போது பைகளை நெருக்கி அடுக்கி, இண்டு இடுக்கில் துணியைத் திணித்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது. வழியில் “உருகிவிட்டதா?” என்று திறந்து பார்க்கும் ஆசைதான் பாலுக்கு முதல் எதிரி!

கே: துறைமுகத்தில் கிடைக்கும் தெர்மோகோல் மீன் பெட்டி போதுமா?
(வாசகர், கடலூர் முதுநகர்)

ப: புதுப் பெட்டியாக இருந்தால் தாராளமாக. மீன் ஏறிய பெட்டி வேண்டாம்; உடைத்த ஐஸும் வேண்டாம், தண்ணீர் ஒழுகும். உலர்பனி வைப்பதானால் ஒருவருக்கு 2.5 கிலோதான் உச்சவரம்பு. விமான நிறுவனத்தின் சம்மதம் வேண்டும், வாயு வெளியேறப் பெட்டியில் வழியும் வேண்டும்.

கே: வெளிநாட்டில் “குழந்தை எங்கே?” என்று கேட்பார்களாமே?
(வாசகி, புவனகிரி)

ப: 2006 ஆகஸ்டில் லண்டனில் திரவ வெடிகுண்டுச் சதி பிடிபட்டதிலிருந்து வந்ததுதான் கைப்பையில் திரவங்களுக்கான 100 மில்லி கட்டுப்பாடு. தாய்ப்பாலுக்கு அதில் விலக்கு உண்டு. அமெரிக்காவில் குழந்தை உடன் இல்லாவிட்டாலும் பாலையும் ஐஸ் பேக்கையும் கொண்டுபோகலாம்; அதற்கான ஊழியர் பயிற்சியையே 2016-ல் சட்டமாக்கினார்கள். பிரிட்டனில் ஒரு பாத்திரத்துக்கு 2,000 மில்லி வரை சரி, ஆனால் உறைந்த பால் கைப்பையில் ஏறாது. நம் ஊரிலிருந்து வெளிநாடு போகும்போது, குழந்தை உடன் வந்தால் பயணத்துக்குத் தேவையான பாலைக் கையில் வைத்துக்கொள்ளலாம்; வராவிட்டால் செக்-இன் பெட்டியே நிம்மதி.

கே: எக்ஸ்ரே பட்ட பால் ஆகாது என்கிறார் மாமியார்.
(வாசகி, நெய்வேலி)

ப: எக்ஸ்ரேயால் பால் கெடாது. அடுப்பில் காய்ச்சினால்தான் சத்து போகும். வெதுவெதுப்பான நீரில் பையை வைத்து உருக்கி, மேலே திரண்ட ஆடை கலக்கும்படி மெல்லச் சுழற்றிக் கொடுக்கலாம். முழுதும் உருகிய பாலை ஃபிரிட்ஜில் வைத்து 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். திரும்ப உறைய வைக்கக் கூடாது. இதை மாமியாரிடம் ஊருக்குக் கிளம்பும் முன்பே உட்கார்ந்து சொல்லிவிடுங்கள். ஃப்ரீசரில் ஒரு தட்டையும் காலி செய்து வைக்கச் சொல்லுங்கள்.