பெயரில்லாத நிறம்

கேள்வி: அமெரிக்கத் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்டின் கதையிலிருந்து எடுத்த 'டை, மான்ஸ்டர், டை!' (1965) படத்தை இப்போது மறுபடி பார்க்கலாமா?
– வாசகர், தென்காசி

பதில்: தாராளமாகப் பாருங்கள், போரிஸ் கார்லாஃபுக்காகவே! சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே வீட்டை நடுங்க வைக்கிறார். இயக்குநர் டேனியல் ஹாலர், ரோஜர் கார்மன் படங்களின் கலை இயக்குநராக இருந்தவர். அதனால் மூடுபனியும் பழைய மாளிகையும்கூட நன்றாக நடிக்கின்றன.

மூலக்கதைக்கு நியாயம் செய்ததா என்றால், பாதிதான். 1927-இல் வெளிவந்த கதையில் விண்கல்லோடு ஒரு நிறம் வந்து இறங்குகிறது. மனிதர் அறிந்த எந்த நிறத்திலும் அது சேராது. அதற்கு நம்மேல் பகையும் இல்லை, பரிவும் இல்லை. அச்சமே அங்கேதான். படமோ அதற்குப் பச்சை பூசி, கதிரியக்கம் என்று காரணமும் சொல்லிவிடுகிறது. காரணம் தெரிந்த பேய்க்கு யார் பயப்படுவார்? 2010-இல் வந்த ஜெர்மன் படம் 'டி ஃபார்பெ' இதைச் சரியாகப் பிடித்தது: படம் கறுப்பு வெள்ளை, அந்த ஒன்றுக்கு மட்டும்தான் நிறம்.

படம் பார்த்த கையோடு உங்கள் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் குற்றாலம் சித்திர சபைக்கும் ஒரு நடை போய்வாருங்கள். நடராசருக்குரிய ஐந்து சபைகளில் அவர் ஓவியமாகக் காட்சி தருவது அங்கேதான். பிரபஞ்சத்தின் பிரம்மாண்டத்தைக் கண்டு லவ்கிராஃப்ட் நடுங்கினார். நம்மவர்கள் அதையே ஆட்டமாகக் கண்டு, சுவரில் வரைந்து கும்பிட்டார்கள். பயந்து பார்க்க ஒன்று, வியந்து பார்க்க ஒன்று. இரண்டுமே மனிதனுக்கு வேண்டும்.